அரைக் குளிசையும் ஒரு கோப்பைப் பாலும்

1

வருகிற வெள்ளிக்கிழமை அண்ணைக்கு ஆட்டைத்திவசம், செத்து முதல் வருஷத் திவசம். ஊரில் மச்சாள் வீட்டில் ஐயருக்குச் சொல்லியாயிற்று, சொந்தபந்தங்களுக்கும் சொல்லியாயிற்று, பலகாரத்துக்கு மாவும் இடித்தாயிற்று என்று கேள்வி. கேள்விதான். எனக்கு நேரே ஒருத்தரும் சொல்லவில்லை. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இஞ்ச கனடாவில், ஒஷாவாவில் இருக்கிறான், அவன் சொல்லித்தான் தெரியும். செத்தவர் என்ர கூடப்பிறந்த அண்ணை. திவசச் செய்தி எனக்கு ஒஷாவா சுற்றி வருகிறது. பாருங்கோவன் கூத்தை.

அண்ணையின் மனைவிதான் மச்சாள். அவ என்னோடு கதைத்து ஒரு வருஷமாகப் போகிறது. அப்படியிருக்க நேற்றுக் காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டு ஒரு சப்பாத்தைப் போட்டு மற்றதைத் தேடிக்கொண்டு நிற்க, போனில் அவவின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது.

"வதனா, ஞாயிற்றுக்கிழமை எடு. உன்னட்ட ஒண்டு கேக்கவேணும். அவரின்ர திவசத்துக்கு முன்னம் கேக்கவேணும்."

அவ்வளவுதான். சுகமா என்றுகூட ஒரு சொல் இல்லை. ஒற்றைச் சப்பாத்தோடு படியில் இருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

என்ன கேட்கப் போகிறா என்று எனக்குத் தெரியும். தான் கொடுத்த அரைக் குளிசை மருந்தால்தான் தன் மனுஷன் செத்துப்போனாரோ என்று கேட்கப் போகிறா. அதற்கு நான் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். இது பனியையும் மேப்பிள் இலையையும் பற்றிய எழுத்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியைப் பற்றியது. அந்தக் கிருமி எங்கள் வீட்டுக்குள் வந்து என்ன செய்துவிட்டுப் போனது என்பதைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் இதை ஒருக்கால் எழுதிப் பார்த்தால் எனக்கே ஏதும் தெளியுமோ என்றுதான் தொடங்குகிறேன்.

2

நான் ஸ்காபரோவில் ஒரு ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் மாடியில், கிருமி வளர்க்கும் லாப்பில் வேலை செய்கிறேன். "கிருமி வளக்கிறது ஒரு வேலையோ?" என்று அண்ணை சிரிப்பார். வேலைதான். நோயாளியின் சளி, சிறுநீர், இரத்தம், புண்ணில் ஒற்றிய பஞ்சு எல்லாம் எங்களிடம் வரும். அதைத் தட்டில் பூசி, சூட்டுப்பெட்டியில் வைத்தால் அடுத்த நாள் கிருமி முளைத்திருக்கும். பிறகு எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கவேண்டும். மருந்து ஊறிய சின்னச் சின்னக் கடதாசிப் பொட்டுகளைத் தட்டில் வைப்போம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் ஒரு வெளி வட்டம் விழும். வட்டம் பெரிதென்றால் சந்தோஷம். சுருங்கிப்போனால் மேலே வார்ட்டில் யாரோ ஒருத்தருக்குக் கெட்ட காலம்.

இந்த வேலைக்கு வந்தது பெரிய கதை. அகதியாக வந்திறங்கி, டோனற் கடையில் நின்று, ஊரில் படித்த படிப்பு இஞ்ச செல்லாது என்று கேட்டு, பிறகு பிள்ளைக்குப் பால்மாவும் கரைத்துக்கொண்டு மற்றொருக்கால் படித்து... அதை இன்னொருக்கால் பார்ப்போம்.

கிருமிகளில் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிகள் என்றால் அதற்குத் தாய்வீடு. தண்ணீர்த்தொட்டி, குழாய், சுவாச மெசினின் ரியூப், ஈரம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் குடியிருக்கும். தட்டில் வளர்ந்தால் பச்சை நிறம். மணம் திராட்சைப்பழ மணம். நல்ல இனிப்பான, பழுத்த திராட்சை. லாப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "வாசமா இருக்கு" என்று முகத்தைக் கிட்டக் கொண்டு போவார்கள். நான் தள்ளி விடுவேன்.

இதன் கெட்டித்தனம் அதன் தோலில் இருக்கிறது. மருந்து உள்ளே வந்தால் அதைப் பிடித்து வெளியே இறைத்துத் தள்ளுகிற பம்புகள் அதன் தோலில் பூட்டிக் கிடக்கின்றன. மருந்து வரவர இறைக்கும். உள்ளே சேரவிட்டால்தானே கொல்லும்? ரொறன்ரோவில் வீடு வாங்கினவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. எங்கள் பேஸ்மெண்ட் மூலையில் ஒரு குழி, குழிக்குள் ஒரு பம்ப் இருக்கும். பங்குனியில் பனி உருகி நிலத்தடித் தண்ணீர் ஏறினால், ஒருத்தரும் சுவிச் போடாமல் அது தானாக உறுமத் தொடங்கும். தண்ணீர் இறங்கினால் நின்றுவிடும். கிருமியின் பம்பும் அந்த மாதிரித்தான், என்ன, முழுக்க நிற்காது, சும்மா நேரத்தில் மெல்லமாய் ஓடிக்கொண்டு கிடக்கும். ஆனால் சில கிருமிகளில் அந்தச் சுவிச் பழுதாகிவிடும். பிறகு அவற்றின் பம்ப் நிற்காமல் முழு வேகத்தில் ஓடும். மருந்து அரைகுறையாக வந்தால் மற்றக் கிருமிகள் சாக, இந்தச் சுவிச் பழுதானதுகள் மட்டும் தப்பிப் பெருகும்.

இன்னொன்றையும் கவனியுங்கோ. அந்தப் பம்ப் ஆள் பார்த்து இறைப்பதில்லை. ஒரு மருந்தை வெளியே தள்ளப் பழகின பம்ப், அந்தக் கிருமி கண்ணாலும் காணாத வேறு மருந்துகளையும் சேர்த்துத் தள்ளிவிடும். ஒன்றைக் குடித்துக் கெடுத்தால் மற்றதும் கெடும். இதை நான் எத்தனையோ பேருக்குப் பாட்டி சொல்லும் நரிக்கதை மாதிரிச் சொல்லியிருக்கிறேன். எனக்கே அது வீட்டுக் கதையாகும் என்று நினைக்கவில்லை.

3

மகள் அபிராவின் கலியாணத்துக்குத்தான் அண்ணையும் மச்சாளும் விசிற்றர் விசாவில் வந்தார்கள். அபிரா இஞ்ச பிறந்தவள். மாமாவை அவள் போனில் மட்டும்தான் கண்டிருக்கிறாள். தாய்மாமன் வந்து நிற்கவேணும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். விசாவுக்குக் கேட்ட கேள்விகள் கொஞ்சமில்லை. "அண்ணை திரும்பிப் போவார் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். அண்ணை அதற்கு, "தங்கச்சி, நான் திரும்பி வரமாட்டன் எண்டு பயப்பிடுற ஆக்களும் உலகத்திலை இருக்கினம் போல" என்றார்.

ஸ்காபரோவில் றூஜ் பக்கம் எங்கள் வீடு. வந்திறங்கின அன்று சூட்கேசைத் திறந்தால் மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்காய்ப் பணியாரம், அதற்கடியில் ஒரு பொலித்தீன் பை நிறையக் குளிசை. கிருமிக்குக் குடிக்கும் அன்ரிபயற்றிக். விதம் விதமாக.

"மச்சாள், இதென்ன மருந்துக்கடையோ?"

"இஞ்ச டொக்டரைக் காண நாள்க்கணக்கிலை காவலிருக்கவேணுமாம் எண்டு நீங்கள் எல்லாரும்தானே போனிலை அழுறனியள். அங்க டொக்டரின்ர துண்டில்லாமல் வாங்கலாம். கலியாண வீட்டிலை ஆருக்கும் காய்ச்சல் தடிமன் எண்டால்?"

அவவைக் குறை சொல்லி என்ன? எங்கட சனம் முழுக்க இப்படித்தான். ஊரில் இருந்து ஆரும் வருகிறார்கள் என்றால், "வரேக்க அந்தக் குளிசை ரெண்டு பக்கற் கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிடுகிற வீடுகள் இந்த ஸ்காபரோவில் எத்தனை! ஒருத்தர் குடித்து மிஞ்சினதை மற்றவருக்குக் கொடுப்பது இஞ்ச பெரிய உபகாரம். தொண்டை நோவுக்கு ரெண்டு நாள், சுகமானதும் நிப்பாட்டி, மிச்சத்தை அலுமாரியில் வைத்து, அடுத்த வருத்தத்துக்கு அதை எடுத்து... நான் கத்தாத கத்தில்லை. "கிருமியோட வேலை செய்யிறவளுக்கு எல்லாம் கிருமியாத்தான் தெரியும்" என்பார்கள்.

அன்றும் கத்தினேன். "ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ மச்சாள், கோதாரி, இதெல்லாம் விளையாட்டில்லை" என்று. "ஓமோம்" என்றா. அந்த "ஓமோம்" எனக்குத் தெரியாதா? போய்த் தோசைக்கு ஊறப்போட்டேன்.

கலியாணம் நல்லாக நடந்தது. மாமன் முறைக்கு அண்ணை கோட் போட்டுக்கொண்டு நின்ற போட்டோ ஒன்று இருக்கிறது. கோட்டுக்குள் ஒரு சுவெற்றர், அதற்குள் இன்னொரு சுவெற்றர். குண்டாகத் தெரிவார்.

4

கலியாணத்துக்கு அடுத்த கிழமை, வாசலில் உருகி மீண்டும் உறைந்த பனியில் அண்ணை சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. ஒப்பரேஷன். விசிற்றர் இன்சூரன்ஸ் கொம்பனிக்காரனோடு போனில் நின்ற கதையைச் சொன்னால் அதுவே ஒரு புத்தகம். "விழுவதற்கு முன்பே அவருக்கு இடுப்பெலும்பு இருந்ததா?" என்று மட்டும்தான் அவன் கேட்கவில்லை.

நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். ஒரு வகையில் நிம்மதி. வேலை இடைவேளையில் மேலே ஓடிப் பார்த்துவிட்டு வரலாம்.

ஒரு நாள் அப்படிப் போனபோது நேர்ஸ் ஒப்பரேஷன் புண்ணின் கட்டு மாற்றிக்கொண்டிருந்தா. கதவைத் திறந்ததும் திராட்சை மணம்.

யாரோ பழம் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாக்கும் என்று மேசையைப் பார்த்தேன். மேசையில் தண்ணீர்க் கோப்பையும் அண்ணையின் கண்ணாடியும் மட்டும்தான். பிறகு கழற்றின கட்டைப் பார்த்தேன். துணியில் பச்சை.

"என்னடி பேயைக் கண்டமாதிரி நிக்கிறாய்?" என்றார் அண்ணை.

"ஒண்டுமில்லை அண்ணை."

அன்றைக்கே கீழே போய் என் சூப்பர்வைசரிடம் சொன்னேன். சொந்தக்காரரின் தட்டுகளை நாங்கள் தொடவும் கூடாது, அவர்களின் றிப்போட்டைத் திறந்து பார்க்கவும் கூடாது. அது சட்டம். அண்ணையின் தட்டுகள் பக்கத்து மேசை லீனாவிடம் போயின. லீனாவும் நானும் எத்தனை வருஷமாகச் சாப்பாட்டைப் பங்குபோட்டுச் சாப்பிடுகிறவர்கள். அந்தக் கிழமை முழுக்க அவ என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் எதையாவது வாசித்துவிடுவேன் என்ற பயம். என் முதுகுக்குப் பின்னால் என் அண்ணையின் கிருமி வளர்ந்தது. மணம் வந்தது. எத்தனை பேரின் தட்டிலோ அந்த மணம் வரும்தான், ஆனால் எனக்கு எல்லாம் அண்ணையாக மணத்தது.

முதல் முடிவை மேலே டொக்டர்தான் சொன்னா. தொற்று வருத்தங்களுக்கான ஸ்பெஷலிஸ்ட், பஞ்சாப் பக்கத்துப் பெண். ஊசியில் ஏற்றும் மருந்துக்குக் கேட்கிற கிருமிதானாம், பயப்பட வேண்டாமாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணையைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்கள் மஞ்சள் அங்கியும் கையுறையும் முகக்கவசமும் போடவேண்டும். கிருமி மற்ற நோயாளிகளிடம் போகாமல் இருக்க. எங்கட சனம் வருத்தம் பார்க்க வருவதை யார் தடுப்பது? சூப்பும் பழமும் கொண்டு வந்து, கதவடியில் அங்கி போட்டு, உள்ளே போய்ச் சுற்றி நிற்பார்கள்.

"நான் என்ன அணுகுண்டோ?" என்று அண்ணை சிரிப்பார். ஆனால் ஒருக்கால் மட்டும், மற்றவர்கள் போனபிறகு, என் கையுறை போட்ட கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த அறைக்கு வந்தநாள் தொடக்கம் ஒரு மனுசரும் என்னைத் தொடேல்லை, வதனா" என்றார். நான் வெளியே வந்து அங்கியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, லிப்டுக்குள் அழுதேன்.

5

ரெண்டு மூன்று நாள் நல்லாக இருந்தார். பிறகு காய்ச்சல் ஏறியது. நடுக்கம். மீண்டும் இரத்தம் எடுத்தார்கள், மீண்டும் புண்ணில் ஒற்றினார்கள். அதன் முடிவோடு டொக்டர் வந்தபோது மச்சாளும் நானும் அறையில் நின்றோம். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்ய நேரமெடுக்கும் என்பதால் நானே இருபக்கமும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

டொக்டர் சொன்னா: "கிருமி மாறிவிட்டது. நாங்கள் ஏற்றுகிற மருந்தை இப்போது தாங்குகிறது. எனக்கு விளங்காத ஒன்று, நாங்கள் கொடுக்கவே கொடுக்காத இன்னொரு வகை மருந்தையும் தாங்குகிறது. முதல் சோதனையில் அப்படி இல்லை. வெளியில் இருந்து ஏதும் மருந்து குடிக்கிறாரா?"

அந்த மருந்தின் பேரைச் சொன்னா. எனக்கு உடனே சூட்கேசுக்குள் கிடந்த அந்தப் பொலித்தீன் பைதான் ஞாபகம் வந்தது.

நான் மச்சாளைத் திரும்பிப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலால் கண் மட்டும்தான் தெரிந்தது. அது போதும்.

"மச்சாள், அண்ணைக்குக் குளிசை ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லையெண்டு சொல்லு."

"மச்சாள்..."

"அரைக் குளிசைதான் வதனா. முழுக் குளிசை சூடு, வயித்தை எரிக்கும், அவருக்கு ஏலாது. பாதியா உடைச்சுத் தூளாக்கி, சூடு தணியப் பாலிலை கரைச்சு... பின்னேரம் பின்னேரம் பிளாஸ்கிலை கொண்டு வந்தனான். இவங்கள் ஊசியைக் குத்திப்போட்டு விட்டிடுறாங்கள், வாயாலை ஒண்டும் குடுக்கிறாங்களில்லை. எனக்குப் பாத்துக்கொண்டு இருக்கேலாமப் போச்சு."

அரைக் குளிசை. அதுவும் பாலில். அந்த மருந்தைப் பாலோடு கொடுத்தால் பாலில் இருக்கும் கல்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் சேரவிடாது. அரையிலும் பாதி போயிருக்குமோ என்னவோ. கிருமியைக் கொல்லக் காணாது. ஆனால் சுவிச் பழுதானதுகளைப் பிரித்தெடுக்க அது தாராளம். மனுஷனில் உள்ள ஆசையில், சூடு தணியட்டும் என்று, ஒரு கோப்பைப் பால்.

மச்சாள் கையுறைக் கையால் என் கையைப் பிடித்தா. "சொல்லாதையடி. உன்ர அண்ணைமேலை ஆணை, சொல்லாதை. கள்ளமருந்து கொண்டந்தனெண்டு பொலிசைக் கூப்பிடுவாங்கள். விசாவைக் கிழிப்பாங்கள். அவரை இதுக்குள்ளை தனிய விட்டிட்டு நான் போகவேண்டி வரும்."

டொக்டர் பொறுத்துக்கொண்டு நின்றா. எங்களுக்குள் என்ன நடக்கிறதென்று அவவுக்குத் தெரியும். கண்ணில் தெரிந்தது.

நான் இங்கிலிஷில் உள்ளபடி சொன்னேன். மருந்தின் பேர், அரை, பால், எத்தனை நாள் இருக்கும் என்பது எல்லாம். என்ன மருந்து உடம்பில் போயிருக்கிறது என்று தெரியாமல் அடுத்த மருந்தை எப்படித் தெரிவுசெய்வார்கள்? என்ர அண்ணையின் உயிர் அது. வேறு என்ன செய்வது?

மச்சாளுக்கு இங்கிலிஷ் அவ்வளவு விளங்காது. ஆனால் மருந்தின் பேர் விளங்கியது. என் கையை விட்டுவிட்டா.

டொக்டர் திட்டவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டா. நேர்ஸ்தான், பாவம், அது அவவின் வேலை, மச்சாளின் கைப்பையைத் திறந்து காட்டச் சொல்லிக் குளிசைப் பக்கற்றை வாங்கிக்கொண்டா. பிளாஸ்கையும் மணந்து பார்த்தா. மச்சாள் ஊரில் பள்ளிக்கூடம் நடத்தினவ, ஆயிரம் பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்தவ. அவவின் பையை இன்னொருத்தி திறக்கவைத்துப் பார்த்தா. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொலிசும் வரவில்லை, விசாவும் கிழியவில்லை.

6

பழைய மருந்து ஒன்றுக்கு மாற்றினார்கள். கிருமிக்கும் பொல்லாதது, சிறுநீரகத்துக்கும் பொல்லாதது. கிருமி பின்வாங்கியது. சிறுநீரகம் அது பின்வாங்க முன்னமே பழுதாகிவிட்டது. அண்ணை ஒரு மத்தியானம், வெயில் நல்லாக அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் போனார். கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்துக்கொண்டேன். நேர்ஸ் கண்டும் காணாதமாதிரி நின்றா.

செத்தவீட்டில் மச்சாள் என் பக்கம் திரும்பவில்லை. சாம்பலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகும்போது எயார்போட்டில் அபிராவைக் கட்டிப்பிடித்தா, என் மருமகனைக் கட்டிப்பிடித்தா. என்னிடம் ஒரேயொரு வசனம்தான் சொன்னா. "அந்த மனுசன்ர கடைசி நாளிலை என்னைக் கள்ளியாக்கிப்போட்டாய்."

அவ போய்க் கன காலத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி கன்ரீனில் அந்த டொக்டரைக் கண்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன், அந்தக் குளிசையால்தானா என்று. கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னா. குளிசை அந்தப் பம்புக்காரக் கிருமிகளைப் பிரித்து எடுத்திருக்கலாம். தாங்கள் ஏற்றின ஊசி மருந்தே எடுத்திருக்கலாம், அதுவும் நடக்கிறதுதான். இரண்டும் சேர்ந்து செய்திருக்கலாம். முதல் நாளே அப்படிக் கொஞ்சம் ஒளிந்து கிடந்திருக்கவும் கூடும். "எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் சொன்னால் அது பொய்" என்றா. நானும் இந்த வேலைதானே செய்கிறேன். அது உண்மை என்று எனக்கும் தெரியும்.

அண்ணையின் சாம்பல் கீரிமலைக் கடலில் கரைந்துவிட்டது. ஆனால் ஒன்றை நான் ஊரில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. இப்படி மருந்தைத் தாங்கின கிருமிகளை நாங்கள் எறிவதில்லை. பின்னுக்கு ஆராய்ச்சிக்குத் தேவைப்படும் என்று சின்னக் குப்பியில் அடைத்து உறைபெட்டியில் வைப்போம். அதற்குள் அவை சாகாது, எடுத்துச் சூடாக்கினால் முளைக்கும். அண்ணையின் கிருமியும் அதற்குள் இருக்கத்தான் வேணும். எந்தக் குப்பி என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, மேலே வெறும் இலக்கம்தான். அண்ணையின் புண்ணில் குடியிருந்தது, அண்ணை குடித்த பாலின் மருந்தை இறைத்துத் தள்ளினது, இன்னும் உயிரோடு என் கதிரைக்குப் பின்னால் இருக்கிறது. உறைபெட்டியின் கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர்ப்புகை முகத்தில் அடிக்கும். நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். அதற்குள் மணம் ஏதும் வராது, வர வழியும் இல்லை. ஆனாலும் அடக்கிக்கொள்வேன்.

கடையில் திராட்சை வாங்குவதையும் விட்டுவிட்டேன். அபிராவுக்கு அது தெரியாது. இப்போது அவள் ஸ்ரௌவ்வில்லில் புது வீட்டில் இருக்கிறாள், கார் இல்லாமல் போக ஏலாத இடம். சனிக்கிழமை போனால் குளிரூட்டியில் இருந்து எடுத்து ஒரு கிண்ணம் நிறைய வைப்பாள். "அம்மா, ஹெல்தி, சாப்பிடுங்கோ." நான் பசிக்கவில்லை என்பேன்.

மச்சாளின் குரல் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டி, அவ என்ன கேட்கப் போகிறா என்பதையும் டொக்டர் சொன்னதையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "ஜஸ்ற் ரெல் ஹேர் த ட்ரூத், அம்மா. நொபடி நோஸ், ஒருத்தருக்கும் தெரியாது. அதுதானே உண்மை?"

"அதைக் கேட்டால் அவ என்ன செய்வா, பிள்ளை?"

"தட்ஸ் நொட் ஒன் யூ. அதுக்கு நீங்கள் பொறுப்பில்லை."

இஞ்ச வளர்ந்த பிள்ளைகளுக்கு உண்மை என்றால் ஒரு பாரம் இல்லை. சொன்னவுடன் அது கேட்டவருடையதாகிவிடும், சொன்னவர் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம். எனக்கு அப்படிப் பழக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அவள் சொல்வதில் பிழையும் இல்லை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

7

இதை எழுதி முடிக்க முன்னம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. காலை எடுத்தேன். அங்கே பின்னேரம். பின்னால் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம். யாரையோ எழும்பிப் போகச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வந்து மச்சாள் இருந்தா.

"அண்டைக்கு நீ டொக்டருக்குச் சொன்னது சரி. அந்தக் கோவத்தை நான் எப்பவோ விட்டிட்டன்" என்றா. "எனக்கு ஒண்டு மட்டும் சொல்லு. நான் குடுத்த குளிசையாலயோ அவர் செத்தவர்?"

கன்ரீனில் டொக்டர் சொன்னதை ஒழுங்காகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். முந்தின நாளே மனதுக்குள் தமிழில் அடுக்கியும் வைத்திருந்தேன். "மச்சாள், அது ஒருத்தராலயும் பிரிச்சுச் சொல்லேலாது, என்னெண்டால் ஊசி மருந்தாலயும் அப்பிடி..."

"உதை விடு." குரல் உடைந்தது. "சொல்லேலாது சொல்லேலாது எண்டு நானே எனக்குச் சொல்லிக்கொண்டுதான் ஒரு வருசம் இருந்தனான். வெள்ளிக்கிழமை அவருக்குப் படைக்கவேணும். சமைக்க ஆள் வருது. ஆனால் அவருக்கு இலை போட்டு முதல் கறியை நான்தான் வைக்கவேணும். இந்தக் கையாலைதான் பாலைக் கரைச்சுக் குடுத்தனான் வதனா. குடிக்கமாட்டன் எண்டவர். எனக்காண்டித்தான் குடிச்சவர். இந்தக் கையாலை நான் அவருக்கு எப்பிடிச் சோறு வைக்கிறது? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லு, நான் அறைக்குள்ளை இருக்கிறன், வேறை ஆரும் வைக்கட்டும். இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு. ரெண்டிலை ஒண்டைச் சொல்லு. நீ படிச்சனி. அந்தக் கிருமியோடை இருக்கிறனி."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது. நான் குசினிக் கதிரையில் இருந்தேன்.

"இல்லை மச்சாள்" என்றேன். "உங்களாலை இல்லை."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"மெய்யாவோ?"

"மெய்யா."

"உன்ர அண்ணையாணை?"

"அண்ணையாணை."

மச்சாள் அழுதா. பெரிதாக அழுதா, சின்னப்பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. பிறகு மூச்செடுத்துக்கொண்டு சொன்னா, "அண்டைக்கு நான் உன்ர கையைப் பிடிச்சுக் கெஞ்சினனான், மறைக்கச் சொல்லி. அப்பவும் நீ பொய் சொல்லேல்லை. அப்ப இதுவும் பொய்யா இராது."

அவ மூக்கைச் சிந்திவிட்டு, அண்ணைக்குக் கத்தரிக்காய்ப் பால்கறியை முதல் வைப்பதோ, பருப்பை முதல் வைப்பதோ என்று என்னைக் கேட்கத் தொடங்கினா.